இணைப்பிலேயே இருங்கள்

மார்ச் 2

வந்து சேர்ந்துவிட்டோம். இந்த ஊரின் பெயரைத் தமிழில் எழுதிப் பார்த்து மூன்று முறை அடித்துவிட்டேன். இனி எல்லை ஊர் என்றே எழுதப்போகிறேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் போர் நடக்கும் நாடு. இந்தப் பக்கம் ஒரு ரொட்டிக்கடை, ஒரு மருந்துக்கடை, அகதிகளுக்குச் சூப் ஊற்றும் கூடாரங்கள், பிறகு உலகத்தில் உள்ள எல்லாத் தொலைக்காட்சிக்காரர்களும்.

முதல் நேரலைக்கு நின்றதுமே சென்னையிலிருந்து கதிரேசன் சார் காதுக்குள் கத்தினார். அவர்தான் எங்கள் சேனலின் செய்தித் தலைவர்.

"ஹெல்மெட் எங்கம்மா அல்லி? புல்லட் புரூஃப் எங்க?"

"சார், இங்க குண்டு விழலை. ரொம்ப தூரத்துல விழுது."

"விழுதுல்ல? போடு."

போட்டேன். அந்த புல்லட் புரூஃப் எனக்காக வாங்கியது இல்லை. எங்கள் சேனலின் இன்னொரு செய்தியாளர் ஜெயசீலனுக்காக வாங்கியது. அவருக்கு விசா இழுத்துக்கொண்டே போக, என் பாஸ்போர்ட்டில் பழைய விசா ஒன்று உயிரோடு இருந்ததால் என்னை அனுப்பினார்கள். அதன் தகடு நின்றால் தொடையில் இடிக்கிறது, உட்கார்ந்தால் தாடையில் இடிக்கிறது. நெஞ்சுப் பக்கம் பட்டை எட்டவே இல்லை. நான் இரும்புச் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு "பதற்றம் நிலவுகிறது" என்று சொல்லும்போது எனக்குப் பின்னால் ஒரு பாட்டி ரொட்டிப் பையோடு வந்தாள். வானத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி வானத்தைப் பார்த்துவிட்டுப் போனாள்.

கேமராவைத் தூக்கும் சகாயம் அண்ணன் சிரிப்பை அடக்க முடியாமல் படத்தையே ஆட்டிவிட்டார். குண்டு விழுந்த அதிர்வு என்று சென்னையில் நினைத்துக்கொண்டார்களாம்.

மார்ச் 3

ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தைப் பத்திரிகையாளர்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். ஆண்களுக்கு மூன்று கழிப்பறை, பெண்களுக்கு ஒன்று. அந்த வரிசையில் நிற்பதில் பாதி நாள் போகிறது. ஆனால் உருப்படியான செய்தி எல்லாம் அங்கேதான் கிடைக்கிறது. எந்தச் சாலை மூடியிருக்கிறது, எந்த ஓட்டுநர் மேலே கை வைப்பான், நாப்கின் எந்தக் கடையில் கிடைக்கும், எல்லாம் பத்து நாட்டுப் பெண்கள் கால் மாற்றி நின்றுகொண்டு அரைகுறை ஆங்கிலத்தில் பரிமாறிக்கொள்கிறோம்.

இரண்டு ஜோடிக் காலுறையைத் துவைத்து ஹீட்டர் மேல் போட்டேன். காய்ந்து முறுக்கு மாதிரி ஆகிவிட்டது.

வீட்டுக்காரரிடமிருந்து செய்தி: "கேஸ் புக் எங்கே?" போர் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.

மார்ச் 4

இன்று ஒரு நல்ல செய்தி கிடைத்தது. நல்ல செய்தி என்று எழுதுவது சரியில்லைதான்.

ராசிபுரத்திலிருந்து செல்வமணி என்ற அம்மா சேனலுக்குப் பேசி, என் எண்ணை வாங்கிக் கூப்பிட்டார். மகள் கௌசிகா அந்த நாட்டில் மருத்துவம் படிக்கிறாள், மூன்றாம் வருடம். குண்டு விழும் நகரத்தில் விடுதிக்குக் கீழே பழைய கட்டில் போட்டுவைக்கும் நிலவறையில் மற்ற பிள்ளைகளோடு கிடக்கிறாளாம்.

கௌசிகாவை வீடியோவில் பிடித்தேன். குல்லா, மூக்கு நுனி சிவப்பு, பின்னால் அடுக்கிவைத்த இரும்புக் கட்டில்கள். நடுக்கமில்லாமல் பேசினாள்.

"நாங்க நல்லாத்தான் இருக்கறோம் மேடம். ரொட்டி இருக்குது. தண்ணிக்குத்தான் வெளிய போகோணும். சத்தம் வந்தா எல்லாரும் ஒரு மூலைக்குப் போயிருவோம்."

"போனைக் கொஞ்சம் சுத்திக் காட்டறியாம்மா?"

காட்டினாள். ஒருத்தி சுவரில் சாய்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சமயம் தூரத்தில் ஒரு வெடிச்சத்தம். நகம் வெட்டுகிறவள் கை நின்றது, பிறகு மறுபடி வெட்டத் தொடங்கினாள். அப்படியே நேரலையில் போனது. கதிரேசன் சார் எனக்குக் கைதட்டும் பொம்மைகளாக அனுப்பித் தள்ளிவிட்டார். "தமிழில் நம்மிடம் மட்டும்" என்று நாள் முழுக்கத் திரையில் ஓட்டினார்களாம்.

சகாயம் அண்ணன் மட்டும் "நல்ல புள்ள. சீக்கிரம் வெளிய வந்துரணும்மா" என்று சொல்லிவிட்டு லென்ஸைத் துடைக்கப் போனார். அவருக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. இரண்டு பெண் பிள்ளைகள்.

மார்ச் 6

கௌசிகா தினமும் வருகிறாள். விருந்தினர்களை இணைக்கும் பிரிவு இருக்கிறதே, அவர்கள் என்னிடமிருந்து எண்ணை வாங்கிக்கொண்டு நேராகவே கூப்பிடுகிறார்கள். எனக்கு ஒரு வேலை குறைந்தது. மற்ற சேனல்காரர்கள் அவள் எண்ணைக் கேட்டு என்னைச் சுற்றுகிறார்கள். கொடுப்பேனா?

இன்று ரொட்டிக்கடைக்காரி ஒரு பன்னுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டாள். அன்று ஹெல்மெட்டோடு நின்றவள் என்று அடையாளம் தெரிந்திருக்கிறது. பரிதாபப்பட்டாளோ என்னவோ.

மார்ச் 7

செல்வமணி அம்மா தினமும் எனக்குத்தான் பேசுகிறார்.

"இன்னைக்குப் பேசுனீங்களா அம்மிணி? புள்ள எப்படி இருக்கறா?"

"நீங்களே பேச வேண்டியதுதானேம்மா?"

"நானு கூப்புடறதில்லீங்க. அங்க கரண்டு இல்லையாமா. நாம ஒருக்கா பேசுனா அவளுக்குச் சார்ஜு எறங்கிப்போகும். அவசரத்துக்கு வேணுமில்லீங்? நீங்க டிவியில காட்டறப்ப பாத்துக்கறேன். ஒன்பது மணிக்கெல்லாம் டிவி முன்னால வந்து உக்காந்துருவேன். டிவியில மொகம் தெரிஞ்சா அன்னைக்கு உசுரோட இருக்கறான்னு அர்த்தமுங்க."

நான் "கவலைப்படாதீங்கம்மா" என்றேன். இந்த வேலைக்கு வந்ததிலிருந்து இந்த வார்த்தையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்.

மார்ச் 8

மகளிர் தினம். எரிச்சல் தலைக்கேறியிருக்கிறது. எழுதினாலாவது இறங்குமா என்று பார்க்கிறேன்.

"போர்முனையில் ஒரு பூ." நிகழ்ச்சிக்கு இதுதான் பெயர். அந்தப் பூ நான்தான். ஒரு மணி நேர நிகழ்ச்சி. புல்லட் புரூஃப் கட்டாயம்; குளிரில் மூக்கு ஒழுக ஒழுகப் பாலத்தில் நின்றேன். ஸ்டுடியோவில் நகைக்கடைக்காரர் ஒருவர் சிறப்பு விருந்தினர். அவர்தான் நிகழ்ச்சிக்கு விளம்பரம் கொடுத்தவர்.

முதல் கேள்வி: "உங்கள் கணவர் எப்படி அனுமதித்தார்?"

இரண்டாவது: "மகனை விட்டுவிட்டு எப்படி இருக்க முடிகிறது?"

மூன்றாவது கேள்வி வரும் முன் வீட்டிலிருந்து எடுத்த காட்சியைப் போட்டார்கள். கவின் பள்ளிச் சீருடையில் "அம்மா சீக்கிரம் வா" என்கிறான். யாரோ சொல்லிக்கொடுத்த குரல். என்னைக் கேட்காமலே வீட்டுக்குக் கேமராவை அனுப்பியிருக்கிறார்கள். நான் அழ வேண்டும் என்று படம் என் முகத்திலேயே நின்றது. நான் அழவில்லை. மூக்கைத்தான் உறிஞ்சினேன். அதை அழுகை என்று கீழே எழுத்துப் போட்டுவிட்டார்கள்.

ஜெயசீலன் மூன்று முறை வெள்ளத்துக்கும் ஒருமுறை எல்லைச் சண்டைக்கும் போயிருக்கிறார். அவர் பிள்ளைகளுக்குச் சோறு யார் போட்டது என்று எந்தத் தொகுப்பாளராவது கேட்டானா? பாலத்தில் வந்துகொண்டிருந்த ஜனத்தைப் பற்றி, அவர்கள் ஏன் வீட்டுச் சாவியை மட்டும் கழுத்தில் மாட்டிக்கொண்டு வருகிறார்கள் என்பதைப் பற்றி எனக்கு ஐந்து நிமிடம் பேச இருந்தது. "நேரமின்மை காரணமாக" என்று முடித்துவிட்டார்கள்.

கௌசிகாவும் வருவாள் என்று முன்னோட்டத்தில் போட்டிருந்தார்கள். வரவில்லை. இணைப்பு கிடைத்திருக்காது.

மார்ச் 9

இணைப்பு கிடைத்திருக்கிறது.

காலையில் கௌசிகாவே குரல் பதிவு அனுப்பியிருந்தாள். மூன்று முறை கேட்டேன். "மேடம், நேத்து எனக்குப் பேச டைம் வரல, பரவால்லைங்க. உங்க ப்ரோகிராம் முழுசா கேட்டேன். உங்க பையன் பேசுனது அழகா இருந்துச்சு."

கூப்பிட்டேன். அவள் போனைக் கவனமாகச் செலவழிக்கிறாள் என்று தெரிந்தும் கூப்பிட்டேன்.

"முழுசா எப்படிம்மா கேட்ட?"

"லைன்லயேதான் இருந்தேன் மேடம். 'இணைப்புலயே இருங்க, இதோ உங்களைத்தான்'னு சொன்னாங்க. டெய்லி அப்படித்தானுங்க. அரைமணி, முக்கால்மணி ஆகும். நேத்துத்தான் கடைசி வரைக்கும் கூப்புடல."

"அவ்வளவு நேரமா? என்ன கேக்கும் லைன்ல?"

"டிவியில ஓடறதெல்லாம் கேக்கும். விளம்பரம் கேக்கும். சாம்பார்ப் பொடி விளம்பரம் வந்தா ஸ்பீக்கர்ல போட்டுருவேன் மேடம். எல்லாரும் கிட்ட வந்து கேப்பாங்க. நம்ம வீட்டுல டிவி ஓடற மாதிரியே இருக்கும்."

சிரித்தாள். ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்கிற பிள்ளைகள் சாம்பார்ப் பொடி விளம்பரத்தைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள்.

"அப்ப சார்ஜ்?"

"பவர் பேங்க் எல்லாம் காலிங்க. வாட்ச்மேன் தாத்தா காரு ஒண்ணு மேல நிக்குது. அதுல போட்டுக்கலாம். சைரன் இல்லாதப்ப ஓடிப் போயிட்டு வந்துருவேன். நேத்து போட்டுட்டு இருக்கறப்பவே சைரன் வந்துருச்சு. காருக்கு அடியில படுத்துக்கிட்டேன்."

அதாவது, நகைக்கடைக்காரர் பெண்களைப் போற்றிப் பேசி முடிக்கும் வரை காத்திருந்து தீர்ந்த சார்ஜை ஏற்ற, இந்தப் பெண் திறந்தவெளிக்குப் போய்க் காருக்கு அடியில் படுத்திருக்கிறாள். கதிரேசன் சாரைக் கூப்பிட்டேன்.

"சார், அந்தப் பொண்ணை முக்கால் மணி நேரம் லைன்ல நிறுத்திவைக்கிறாங்க சார்."

"எல்லா கெஸ்ட்டும்தான்மா வெயிட் பண்றாங்க. அமைச்சரே வெயிட் பண்றாரு."

"அமைச்சர் வீட்ல கரண்ட் இருக்கு சார்."

"லைனை விட்டா மறுபடி கிடைக்காது. அப்பறம் ஆங்கர் என்ன முகத்தைக் காட்டிட்டு நிப்பான்? நீ ஃபீல்டுல இருக்க, உனக்கு இது புரியாது."

நான் ஃபீல்டில் இருப்பதால் எனக்குப் புரியாதாம். பதிவு செய்து அனுப்புகிறேன், அதைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். நேரலைக்குத்தான் மதிப்பு என்றார். பார்க்கலாம், சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

சகாயம் அண்ணனிடம் கொட்டினேன். "இவனுவோ என்னைக்கும்மா திருந்தியிருக்கானுவோ. மீன்பிடி போட்டு முழுகுனப்பவும் இப்பிடித்தான, கரையில நின்ன பொம்பளைய வெளம்பரம் முடியட்டும்னு அழவிடாம நிறுத்தி வச்சானுவோ" என்றார். அந்தப் படத்தை எடுத்தது யார் அண்ணே என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 10

ஜெயசீலன் வந்துவிட்டார். புல்லட் புரூஃப் அவருக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. இனி பாலமும் போரும் அவருக்கு. "தாய்மார்கள், குழந்தைகள், உணர்வுகள்" எனக்கு. கதிரேசன் சார் அப்படியே இந்த வார்த்தைகளில் சொன்னார்.

மார்ச் 11

வாட்ச்மேன் தாத்தாவின் கார் இல்லை. முற்றத்தில் குண்டு விழுந்திருக்கிறது. காரோடு சுவரும் போய்விட்டதாம். தாத்தா உள்ளே இருந்ததால் தப்பித்தார். கௌசிகா எழுத்தில்தான் செய்தி அனுப்பினாள், பேசவில்லை. "22% இருக்கு மேடம். இனி ஏத்த வழி இல்ல."

கழிப்பறை வரிசையில் இன்னொன்று தெரியவந்தது. மாணவர்களை ஏற்றிக்கொள்ளப் பேருந்துகள் வரப்போகின்றன. எந்த இடத்துக்கு வர வேண்டும் என்பதை முன்கூட்டி அறிவிக்க மாட்டார்கள், அறிவித்தால் அங்கே குண்டு விழும் என்று பயம். கிளம்பும் நேரத்தில் ஒவ்வொரு குழுவிலும் ஒருவருடைய போனுக்குச் செய்தி வரும். அந்த நிலவறைக்கு யார் என்று கௌசிகாவுக்கு எழுதிக் கேட்டேன். "நான்தான் மேடம். என் போன்தான் கொஞ்சம் புதுசு. மத்த எல்லாம் செத்துருச்சு."

செய்தியைப் பார்க்காத குழுவுக்காகப் பேருந்து நிற்காது.

கதிரேசன் சாரிடம் கெஞ்சினேன். கோபப்பட்டால் காரியம் ஆகாது என்று இரண்டு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுக் கெஞ்சினேன். கௌசிகாவின் போனில்தான் அத்தனை பேர் உயிரும் இருக்கிறது, தயவுசெய்து இரண்டு நாள் கூப்பிடாதீர்கள் என்றேன். "சே சே, நாங்க என்ன மனுஷங்க இல்லையா? கண்டிப்பா" என்றார்.

மாலையில் சேனலைத் திறந்தால்: "தப்புவாரா கௌசிகா? நிலவறையிலிருந்து நேரலையில்! நாளை இரவு ஒன்பது மணிக்கு!" பின்னணியில் இதயம் துடிக்கிற சத்தம்.

மார்ச் 12

செய்துவிட்டேன். வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் கௌசிகாவுக்கு எழுதினேன்: போனை அணைத்துவை. அவ்வப்போது ஒரு நிமிடம் திறந்து செய்தி வந்திருக்கிறதா என்று மட்டும் பார். சென்னையிலிருந்து யார் கூப்பிட்டாலும் எடுக்காதே. "எடுக்காம எப்படிங்க மேடம்? அம்மா பாத்துட்டு இருப்பாங்களே" என்று பதில் வந்தது. அந்த ஒரு நிமிடத்தில் சேனல் கூப்பிட்டால் இவள் எடுத்துவிடுவாள். எடுத்தால் "இணைப்பிலேயே இருங்கள்."

அதனால் ஆபீஸுக்குச் சொன்னேன்: கௌசிகா சிம் மாற்றிவிட்டாள், புது எண் இது, பழையதில் கிடைக்க மாட்டாள். கொடுத்தது சகாயம் அண்ணன் இங்கே வாங்கிய சிம்மின் எண்.

அண்ணன் போனை என் கையில் வைத்துவிட்டு, "எம்மா, வேல போயிரும்லா" என்றார்.

"போகட்டும்ணே."

"ஒனக்கில்ல, எனக்குச் சொன்னேன்" என்றார். ஆனால் போனைத் திரும்பக் கேட்கவில்லை.

மாலையில், அதாவது சென்னையில் இரவு ஒன்பதுக்கு, உடற்பயிற்சிக் கூடத்தில் பந்துகள் அடுக்கியிருந்த அறைக்குள் போய் உட்கார்ந்தேன். என் போனை ஒலியில்லாமல் வைத்தேன். நேரலை என்றால் முதலில் கை அங்கேதான் போகும், இத்தனை வருடப் பழக்கம். அண்ணன் போன் அடித்தது. கேமராவை விரலால் மூடிக்கொண்டு எடுத்து முனகினேன். ஒரு பெண் குரல், "இணைப்புலயே இருங்க, இதோ உங்களைத்தான்" என்றது.

இருந்தேன். நகை, சிமெண்ட், சாம்பார்ப் பொடி. ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் வரைபடத்தில் அம்புக்குறி போட்டார். மறுபடி நகை. மறுபடி சாம்பார்ப் பொடி. உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப்போனது. எனக்கு ஹீட்டர் இருந்தது, சுவரில் பிளக் இருந்தது, வயிற்றில் சூடாகக் காபி இருந்தது. அப்படியும் அந்தப் போனைச் சுவரில் அடிக்க வேண்டும் போலிருந்தது. இதைத்தான் அந்தப் பெண் பரவால்லைங்க என்றாள்.

கடைசியில் தொகுப்பாளர் வந்தார். "கௌசிகா, உங்கள் அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள்?"

"வணக்கம். நான் செய்தியாளர் அல்லி. கௌசிகாவின் போனில் இருக்கும் சார்ஜ்..."

அவ்வளவுதான். வெட்டிவிட்டார்கள். விளம்பரம்.

எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது, மறைப்பானேன். சொல்ல நினைத்ததில் முக்கால்வாசி போகாவிட்டாலும் அவள் சார்ஜைக் காப்பாற்றிவிட்டேன். ஜெயசீலன் முறைத்ததைப் பொருட்படுத்தாமல் போய்ச் சூப் வாங்கிக் குடித்தேன். காலுறை துவைத்தேன். அப்புறம்தான் என் போனை எடுத்துப் பார்த்தேன். திரை முழுக்கச் செல்வமணி அம்மாவின் தவறிய அழைப்புகள்.

கூப்பிட்டதும் யாரோ ஒரு ஆண் எடுத்தார். பின்னால் பெண்கள் அழுகிற சத்தம்.

"ஏனுங்க, டிவிக்காரங்களா? புள்ள பேசும்னு போட்டுட்டு வேற யாரோ பேசுனா என்னங்க அர்த்தம்? சொல்ல வந்ததையும் முழுசாச் சொல்லாம வெட்டிப்போட்டீங்க. ஊடே எழவு ஊடு மாதிரி கெடக்குது. மயங்கி விழுந்த பொம்பளைய இப்பத்தான் எந்திரிக்க வெச்சிருக்கறோம்."

டிவியில் முகம் தெரிந்தால் உயிரோடு இருக்கிறாள் என்று அர்த்தம். அந்த அம்மா என்னிடம்தான் சொன்னார், நானும் இதே நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறேன். மகள் இன்று வரமாட்டாள் என்று அவரிடம் ஒரு வார்த்தை முன்னால் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஆபீஸுக்குத் தெரிந்துவிடும் என்றுதான் சொல்லவில்லை என்று எழுதலாம். பொய். எனக்குத் தோன்றவே இல்லை. டிவியில் பேசுகிறவர்களுக்குப் பார்க்கிறவர் ஞாபகம் வருவதில்லை.

செல்வமணி அம்மா போனை வாங்கினார்.

"உசுரோட இருக்கறாளா? அத மட்டும் சொல்லுங்க."

"இருக்காம்மா. சத்தியமா."

"அப்ப ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க."

போன் அணைந்திருக்கிறது. அணைக்கச் சொன்னது நான். காலைக்குப் பிறகு அவளிடமிருந்து எனக்கும் ஒன்றும் வரவில்லை. என்ன சத்தியத்தில் இருக்கிறாள் என்று சொன்னேன்? எல்லாவற்றையும் விளக்கினேன், கார் போனது, பேருந்து, சார்ஜ், எல்லாம்.

"நானு இத்தன நாளா கூப்புடாம இருந்தது உங்க டிவிய நம்பிங்க" என்றார். வைத்துவிட்டார்.

மார்ச் 13

கதிரேசன் சார் கத்தவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "பாடம் எடுக்க அனுப்பலம்மா உன்னை. இனி நீ திரையில வேண்டாம். டிக்கெட் போடறோம், வந்து பேசிக்கலாம்." டிக்கெட் வரும்வரை ஜெயசீலனுக்கு உதவியாக இருக்க வேண்டுமாம். உதவி என்றால் வெளிச்சப் பலகையைப் பிடிப்பது.

ஜெயசீலன் காபி வாங்கிக்கொடுத்து ஆறுதல் சொன்னார். "எமோஷனல் ஆயிட்டீங்க அல்லி. லேடீஸ்னா அது இயல்புதான்." காபி நன்றாக இருந்ததால் குடித்து முடித்தேன்.

கௌசிகாவுக்கு அனுப்பியது எதிலும் இரண்டாவது டிக் விழவில்லை. போனை மணிக்குப் பத்து முறை பார்க்கிறேன். செல்வமணி அம்மாவும் அங்கே இதைத்தான் செய்துகொண்டிருப்பார். கூப்பிடத் தைரியம் இல்லை. கூப்பிட்டு என்ன சொல்வது?

மார்ச் 14

ஒன்றும் இல்லை. ஒற்றை டிக். காலுறை.

மார்ச் 15

வந்துவிட்டாள்.

மதியத்துக்கு மேல் பாலத்தில் இரண்டு பேருந்துகள் நின்றன. குல்லாவை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். வீடியோவில் பார்த்ததைவிடக் குள்ளம். கையில் ஒரு பை. பனியில் மெல்லிய துணிச் செருப்பு. என்னைப் பார்த்ததும் சட்டைக்குள் கைவிட்டுப் போனை எடுத்துக் காட்டினாள்.

"நெட்டை ஆஃப் பண்ணிட்டு எஸ்எம்எஸ் மட்டுந்தான் பாத்தேனுங்க மேடம், நாலு பர்சென்ட்ல வந்துச்சு. குளிர்ல சார்ஜு சீக்கிரம் எறங்கும்னு வயித்தோட ஒட்ட வெச்சிருந்தேன். மெசேஜ் பாத்துச் சொல்லிட்டேன், எல்லாரும் ஏறிட்டோம். அப்பறம் போன் செத்துருச்சு."

எல்லாரும் என்று அவள் கை காட்டிய இடத்தில் பிள்ளைகள் மூட்டை முடிச்சோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள். நகம் வெட்டியவளும் இருந்தாள். நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அழுதேன், இந்த முறை மூக்கு மட்டும் இல்லை.

"அம்மாகிட்ட பேசோணும் மேடம்."

போனை எடுப்பதற்குள் ஜெயசீலன் வந்துவிட்டார். "ஒரே நிமிஷம். லைவ்ல பேசிக்கலாம். அம்மாவையும் ரெடி பண்ணிட்டாங்க." அவள் காதில் இயர்போனைச் செருகித் தன் பக்கத்தில் நிறுத்தினார். நான் வெளிச்சப் பலகையைத் தூக்கிப் பிடித்தேன். ஆமாம், பிடித்தேன். சகாயம் அண்ணன் கேமராவுக்குப் பின்னால் நின்றார்.

ஒரு நிமிடம் போனது. அப்புறம் இன்னொன்று. கௌசிகா ஒரு காலை மற்றொரு காலின் மேல் வைத்துக்கொண்டு நின்றாள். உதடு நீலமாகிவிட்டது.

"என்ன கேக்குது?" என்றேன்.

"சாம்பார்ப் பொடி மேடம்."

இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

பலகையைக் கீழே வைத்தேன். செல்வமணி அம்மாவின் எண்ணைக் கூப்பிட்டேன். எடுத்தது பழனியப்பன், எங்கள் நாமக்கல் நிருபர். குசுகுசுவென்று பேசினார். "மேடம், அம்மா கேமரா முன்னாடி உக்காந்திருக்காங்க. போன் எங்கிட்ட இருக்கு. லைவ்லதான் மொதல்ல பாக்கணும், அதுவரைக்கும் பேசவிடாதேன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. புள்ள வந்துருச்சுன்னுகூடச் சொல்லலீங்க. அந்த ரியாக்ஷன் லைவ்ல வேணுமாம்."

மூன்று நாளாக மகள் இருக்கிறாளா இல்லையா என்று தெரியாத பெண்ணை நாற்காலியில் உட்காரவைத்து, விளம்பரம் முடியட்டும் என்று காத்திருக்கிறார்கள்.

கௌசிகாவின் காதிலிருந்து இயர்போனைப் பிடுங்கினேன். என் போனை அவள் வாயருகே பிடித்தேன். "கத்து," என்றேன். "அம்மான்னு கத்து."

அப்படிக் கத்துவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பாலத்தில் எல்லாரும் திரும்பினார்கள். பழனியப்பனின் கையிலிருந்த போனிலிருந்து அந்தச் சத்தம் ராசிபுரத்து வாசலுக்குக் கேட்டிருக்கிறது. நாற்காலி இழுபடும் ஓசை வந்தது. "சாரு, எங்கிட்ட குடுங்க, அது எம்புள்ள, குடுங்க" என்று ஒரு குரல். பழனியப்பன் கொடுத்துவிட்டார். அவருக்கும் வேலை போகாமல் இருக்க வேண்டும்.

நான் கௌசிகாவைத் தோளில் கைபோட்டுச் சூப் கூடாரத்துக்கு நடத்திக்கொண்டு போனேன். "அல்லி! இன்னும் பத்து செகண்ட்!" என்று ஜெயசீலன் பின்னால் கூவினார். ஆனால் பட்டையெல்லாம் மாட்டிய புல்லட் புரூஃபோடு அவரால் ஓட முடியவில்லை.

பிறகு நடந்ததைச் சகாயம் அண்ணன்தான் சொன்னார். விளம்பரம் முடிந்து திரை இரண்டாகப் பிரிந்ததாம். இடப்பக்கம் ஒரு காலி பிளாஸ்டிக் நாற்காலி, அதைச் சுற்றி ஒரு கோழி. வலப்பக்கம் ஜெயசீலன், பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிற இடம் வெறுமையாக. "கௌசிகா, இந்தத் தருணத்தில் எப்படி உணர்கிறீர்கள்?" என்று தொகுப்பாளர் கேட்டுக்கொண்டே இருந்தாராம். "நீங்க கேமராவத் திருப்பியிருக்கலாமேண்ணே" என்றேன். "எதுக்கு? நல்ல ஃபிரேம்லா" என்றார்.

கூடாரத்தில் கௌசிகா சூப் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு பேசினாள். முதலில் இரண்டு பக்கமும் அழுகைதான். பிறகு அவள், "அந்த மேடம் போன்தாம்மா" என்று என்னைப் பார்த்துவிட்டுப் போனை நீட்டினாள்.

"உங்க மேல கோவம் தீரலீங்க," என்றார் செல்வமணி அம்மா. "அன்னைக்கு எனக்கு உசுரு போயித்தான் வந்துச்சு. அத நீங்க என்ன சொன்னாலும் மறக்க மாட்டேன்."

"சரிங்கம்மா."

"செரி, போன எம்புள்ளகிட்ட குடுங்க."

கொடுத்தேன். என்னதான் பேசினார்கள் என்று இல்லை. பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டது, மாமா மகள் கல்யாணம், விடுதியில் விட்டுவிட்டு வந்த குக்கர். நடுவில் வீட்டிலிருந்து எனக்கு ஒரு அழைப்பு வந்து திரையில் மின்னியது. கவினாக இருக்கும். கௌசிகா நிமிர்ந்து பார்த்தாள். விடு, அப்புறம் பேசிக்கொள்கிறேன் என்று சைகை காட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் போன் கீச்சென்று ஒரு சத்தம் போட்டது. மூலையில் சிவப்புக் கோடு. கௌசிகாவுக்கு முகம் மாறிவிட்டது. போனைச் சட்டென்று காதிலிருந்து எடுத்து, குளிரில் படாமல் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"மேடம், சார்ஜு போயிருமுங்க. வெச்சிரட்டுங்களா?"

"இங்க கரண்ட் இருக்கும்மா," என்றேன். "நீ பேசு."